மரம் வெட்டுவோருக்கு நாம் பட்ட கடன்

எந்தத் தொழில் இன்றியமையாதது? இந்தக் கேள்வியை அமைதியான காலத்தில் யாரும் கேட்பதில்லை. அவரவர் தொழிலை அவரவர் செய்கின்றனர், கூலி கைமாறுகிறது, நாட்கள் நகர்கின்றன. கொள்ளைநோய் ஒன்று வந்து ஊரின் கதவுகளையெல்லாம் சாத்தும்போதுதான், யார் வெளியே போகலாம், யார் உள்ளே இருக்க வேண்டும் என்று தீர்ப்புக் கூறவேண்டிய நிலை அரசுக்கு ஏற்படுகிறது. 2020ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் நம் நாட்டில் அத்தீர்ப்பு எழுதப்பட்டது. அன்று நள்ளிரவு முதல் இருபத்தொரு நாள் ஊரடங்கு. மருத்துவமனை, மின்சாரம், குடிநீர், துப்புரவு, உணவுப் பண்டங்கள் ஆகியவை இயங்கலாம். ஏனையவை நிற்கவேண்டும் என்பது ஆணை.

அந்த ஆணை தவறென்று நாம் கூற வரவில்லை. பரவும் நோயைத் தடுக்க எங்கேயாவது ஒரு கோடு கிழித்தே ஆகவேண்டும். ஆனால், கோடு கிழித்த பின் அதன் இருபுறத்திலும் நிற்கின்ற மனிதர்கள் பால் நமக்கு என்ன கடமை என்பது, ஆணையோடு முடிந்துவிடாத ஓர் அறக்கேள்வி. அக்கேள்வியைப் பெரிய தொழில்களை வைத்து ஆராய்ந்தவர் பலர். மருத்துவரைப் பற்றி எழுதினோம். செவிலியரைப் பற்றிப் பேசினோம். துப்புரவுப் பணியாளரின் பாதங்களைக் கழுவியும் மகிழ்ந்தோம். இங்கே நாம் எடுத்துக்கொள்வது யாருடைய நினைவிலும் வராத ஒரு சிறு தொழில்: மரத்தில் ஏறிக் கிளை வெட்டும் தொழில்.

அத்தொழிலாளியின் இடம் எது என்பதை ஆணைகளிலேயே காணலாம். 2020 ஏப்ரல் 15ஆம் நாள் மைய அரசு தளர்வுகளை வெளியிட்டபோது, சுயதொழில் செய்வோரில் யார் யார் வேலைக்குப் போகலாம் என்பதற்கு எடுத்துக்காட்டாகச் சில பெயர்களைத் தந்தது. மின்பணியாளர், கணினி பழுதுபார்ப்பவர், குழாய்ப் பணியாளர், வாகன மெக்கானிக், தச்சர் என்பன அவை. தமிழ்நாட்டில் அத்தளர்வுகளும் மே 3 வரை நடைமுறைக்கு வரவில்லை. எழுதியவர்கள் வேண்டுமென்றே மரம் வெட்டுபவரை விட்டுவிட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. நினைவில் வரவில்லை, அவ்வளவுதான். மரத்தை அறுத்துக் கதவு செய்பவர் நினைவுக்கு வந்தார். அதே மரம் வீட்டின்மேல் சாயாமல் காப்பவர் வரவில்லை.

மரங்களோ எந்த ஆணையையும் படிப்பதில்லை. ஊரடங்கு நாட்களிலும் அவை தளிர்த்தன. கிளைகள் கம்பியை நோக்கி நீண்டன. ஆடிக்காற்று தன் வழக்கப்படி வந்தது.

இத்தொழிலை நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். அரிவாளும் துணிவும் இருந்தால் போதும் என்பது பொதுவான நினைப்பு. ஆங்கிலேயர் இதைச் செய்பவரை மர அறுவை மருத்துவர் என்று பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜான் டேவி என்பவர் 1901இல் மர மருத்துவம் பற்றி ஒரு நூலே எழுதி, இதைக் கற்றுத் தேறவேண்டிய கலையாக நிலைநாட்டினார். நம் நாட்டில் அப்பெயரும் இல்லை. அந்த மதிப்பும் இல்லை. ஆனால் வேலை ஒன்றே.

கனத்த கிளை ஒன்றை மேலிருந்து ஒரே வெட்டில் வெட்டினால், அது முறியும்போது அடிமரத்தின் பட்டையையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு விழும். ஆகவே தொழில் தெரிந்தவர், முதலில் கிளையின் அடிப்புறத்தில் சிறிது அறுப்பார். பிறகு சற்றுத் தள்ளி மேற்புறத்தில் அறுத்துப் பாரத்தை இறக்குவார். எஞ்சிய குட்டைப் பகுதியை, கிளை மரத்தோடு சேரும் இடத்தில் உள்ள புடைப்பைச் சேதப்படுத்தாமல் மூன்றாவதாக எடுப்பார். வெட்டிய கிளை எப்பக்கம் விழும், காற்று எப்பக்கம் வீசுகிறது, உள்ளே செல்லரித்திருக்கிறதா என்பவற்றையெல்லாம் ஏறுவதற்கு முன்னே தரையில் நின்று கணிக்க வேண்டும். முருங்கை பாரம் தாங்காது. பச்சைப் புளியங்கிளை எளிதில் முறியாது. தூங்குமூஞ்சி மரம் அகலப் பரந்து தன் பாரத்தைத் தானே தாங்க மாட்டாமல் திடீரென ஒடியும். இவ்வறிவு எந்தப் பள்ளியிலும் கற்பிக்கப்படுவதில்லை. தந்தை கீழே நிற்க மகன் மேலே ஏறிக் கற்பது அது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இது தனியொருவர் செய்யும் வேலை அன்று. மேலே ஒருவர் அறுக்க, கீழே ஒருவர் கயிறு பிடிக்கிறார். வெட்டுண்ட கிளை சுவரின் மேலோ கம்பியின் மேலோ விழாமல் மெல்ல இறங்குவதும், மேலிருப்பவர் தடுமாறினால் தாங்கப்படுவதும் அந்தக் கயிற்றால்தான். மேலிருப்பவரின் உயிர் கீழிருப்பவரின் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். மனிதருக்கு மனிதர் ஆறடி விலகி நில்லுங்கள் என்று உலகம் முழுவதும் முழங்கிய நாட்களில், விலகி நிற்கவே இயலாத தொழில்களுள் இதுவும் ஒன்று.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கிறது கும்மிடிப்பூண்டி. சிப்காட் தொழிற்பேட்டையும் இரும்பு உருக்காலைகளும் கொண்ட ஊர். சென்னையிலிருந்து கல்கத்தா நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி வழியே எளாவூர் சோதனைச் சாவடியைக் கடந்து வடக்கே போகிறது. தென்கிழக்கே பொன்னேரி வட்டத்தில் வட சென்னை அனல்மின் நிலையமும் வல்லூர் அனல்மின் நிலையமும் இருக்கின்றன. அங்கே பிறக்கும் மின்சாரம் உயரமான கோபுரங்களின் வழியே ஆலைகளுக்கும் நகரங்களுக்கும் போகிறது. அதே மண்ணில் வேம்பும் புளியும் பூவரசும் சவுக்கும் பனையும் வளர்கின்றன. கம்பியும் கிளையும் ஒரே வானத்தைப் பங்கிட்டுக் கொள்ளும் பகுதி இது.

ஊரடங்குக் காலத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்தோர் எதைக்கொண்டு செய்தனர்? மின்சாரத்தைக் கொண்டு. பிள்ளைகள் கைப்பேசியில் பாடம் படித்தது மின்சாரத்தால். மூச்சுத்திணறியவருக்கு உயிர்வளி ஏற்றிய இயந்திரம் இயங்கியதும், தடுப்பூசி குளிர்பெட்டியில் கெடாமல் இருந்ததும் மின்சாரத்தால். அம்மின்சாரம் ஒரு கிளையின் உரசலில் நின்றுபோகக் கூடியது. பச்சைமரம் ஈரத்தில் மின்சாரத்தைக் கடத்தும். காற்றில் ஆடும் கிளை இரு கம்பிகளை ஒன்றோடொன்று சேர்த்துவிடும். ஒரு தெரு முழுவதும் இருளும். மின்சார வாரியத்தார் குறிப்பிட்ட நாட்களில் மின்தடை அறிவித்துக் கிளைகளைக் கழிப்பதற்கான காரணம் இதுவே.

இதற்கு நம் மாநிலத்திலேயே நல்லதொரு சான்று உண்டு. நோயின் இரண்டாம் அலை வீசிய 2021 ஜூன் மாதத்தில் ஆங்காங்கே மின்தடை ஏற்பட்டது. அன்று புதிதாகப் பொறுப்பேற்றிருந்த மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி, முந்தைய ஒன்பது மாதங்களாகப் பராமரிப்புப் பணி நடைபெறவில்லை என்றும், செடிகொடிகள் வளர்ந்து கம்பிகளைத் தொடுகின்றன என்றும், அவற்றின்மீது அணில்கள் ஓடும்போது கம்பிகள் இணைந்து மின்தடை உண்டாகிறது என்றும் விளக்கம் தந்தார். முன்னைய ஆட்சியினர் அதை மறுத்தனர். நாடே அணிலைப் பற்றிப் பேசிச் சிரித்தது. பல நாட்கள் கேலிச்சித்திரங்களுக்குப் பஞ்சமில்லை. எந்த ஆட்சியின் மீது பிழை என்பது அரசியல்வாதிகளின் வழக்கு. அதில் நாம் தலையிட வேண்டியதில்லை. அந்தச் சிரிப்பின் நடுவே ஓர் உண்மை கேட்பாரற்றுப் போயிற்று என்பதே நம் கவலை. கிளை கழிக்கும் பணி நின்றால் மின்சாரம் நிற்கும் என்பது அந்த உண்மை. அணிலின் பெயர் ஏடுகளில் வந்தது. கிளை கழிப்பவரின் பெயர் அப்போதும் வரவில்லை.

சிறு கிளையின் கதை இது. புயலின் கதை இன்னும் கடுமையானது. 2020 மே 20ஆம் நாள் ஆம்பன் புயல் வங்கத்தைத் தாக்கியபோது நாடு ஊரடங்கில் இருந்தது. கல்கத்தா நகரில் ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. சாலைகள் அடைபட்டன, மின்சாரமும் குடிநீரும் பல பகுதிகளில் நாட்கணக்கில் இல்லை, மக்கள் தெருவுக்கு வந்து முழங்கினர். மரங்களை அகற்ற மூன்றாம் நாள் இராணுவம் அழைக்கப்பட்டது. அண்டை மாநிலமான ஒடிசாவிலிருந்தும் ஆட்கள் வந்தனர். தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் இரவு பகலாக மரம் அறுத்தனர். அப்பணி முடித்து ஒடிசாவுக்குத் திரும்பிய அப்படையினரில் ஏறத்தாழ ஐம்பது பேருக்கு நோய் தொற்றியிருந்தது ஜூன் மாதத் தொடக்கத்தில் கண்டறியப்பட்டது. மரம் அறுக்கப் போனவர்கள் நோயைச் சுமந்து வந்தார்கள். சீருடை அணிந்தவர்கள் ஆகையால் அவர்களுடைய எண்ணிக்கையாவது செய்தியாயிற்று; மருத்துவமும் கிடைத்தது. அதே நகரத்தில் தெருத் தெருவாக அரிவாளோடு அழைக்கப்பட்ட கூலியாட்களில் எத்தனை பேருக்குத் தொற்றியது என்று எண்ணியவர் யார்?

நம் பக்கத்திலும் புயல் வராமலில்லை. 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் புரட்டிப் போட்டதை மறக்க முடியாது. நோய்க் காலத்திலேயே, 2020 நவம்பர் 25ஆம் நாள் இரவு தொடங்கி மறுநாள் அதிகாலைக்குள், புதுவைக்கு அருகே நிவர் புயல் கரையைக் கடந்தது. அன்று வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள் என்ற அறிவிப்பு இரு காரணங்களுக்காகவும் பொருந்தியது. விழுந்த மரங்களை அகற்றியவர்கள் மட்டும் இரு காரணங்களையும் மீறி வெளியே நின்றார்கள்.

இப்போது அறக்கேள்விக்கு வருவோம். மரத்தில் ஏறுபவருக்கு எக்காலத்திலும் ஆபத்து உண்டு. விழுந்தால் முதுகெலும்பு முறியும். கம்பி தீண்டினால் உயிர் போகும். நோய்க்காலம் அந்த ஆபத்தின் மேல் இன்னொன்றை ஏற்றிவைத்தது. வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு நலமாக இருக்கும் பொருட்டு, இன்னொருவர் வெளியே வந்து தம் மூச்சைப் பணயம் வைக்கிறார். ஒருவருடைய ஆபத்து மற்றொருவருக்கு மாற்றப்படுகிறது. கூலி கொடுத்து ஆபத்தை மாற்றிவிடலாமா? அவ்வாறு மாற்றினால் கூலியோடு கணக்குத் தீர்ந்துவிடுமா?

தீர்ந்துவிடும் என்பாரும் உண்டு. அவருடைய வாதம் இது: "யாரும் அவரைக் கட்டி இழுத்து வரவில்லை. அவரே வந்தார், பேசிய கூலியைப் பெற்றார். அது அவருடைய தொழில். வேண்டாமென்றால் வராதிருக்கலாம்." கேட்பதற்கு நேர்மையான வாதமாகவே தோன்றுகிறது. ஆயினும் 'வராதிருக்கலாம்' என்ற சொல்லை நாம் சற்று நிறுத்தி எண்ண வேண்டும். பட்டியலில் இல்லாத காரணத்தால் வாரக்கணக்கில் வேலையில்லாமல் இருந்தவர் அவர். அந்த மார்ச் மாதத்தில் குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாய் தருவதாக மாநில அரசு அறிவித்தது. நல வாரியத்தில் பதிவு பெற்ற கட்டடத் தொழிலாளருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் மேலும் ஆயிரம் என்றது. எந்த வாரியத்திலும் பதிவில்லாத ஒருவருக்குக் குடும்ப அட்டைத் தொகை மட்டுமே. ஒரு குடும்பம் அதை வைத்துக்கொண்டு எத்தனை நாள் அடுப்பெரிக்கும்? பசித்த வயிறு கொடுக்கும் சம்மதத்தை முழுச் சம்மதம் என்று கொள்ளலாமா?

மரம் வெட்டும் உழைப்பில் சம்மதமே இல்லாத நிலையும் நம் மண்ணில் இருந்திருக்கிறது. 1976ஆம் ஆண்டிலேயே கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்டோரை அதிகாரிகள் கொத்தடிமை நிலையிலிருந்து மீட்டனர். மீட்கப்பட்டவர்களுள் முதியவர் ஒருவர் அதிகாரியின் காலில் விழுந்த படம் நாடெங்கும் பரவியது. சிறு கடனுக்காகத் தலைமுறைகள் அடகு வைக்கப்பட்ட கொடுமை அது. திருவள்ளூர் மாவட்டத்திலும் வாழ்கின்ற இருளர் மக்கள், செங்கற்சூளைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் இக்கொடுமைக்குப் பன்முறை ஆளானவர்கள். இவ்வளவும் நடந்த மண்ணில், 'அவரே விரும்பி வந்தார்' என்று சொல்லுமுன் நா சற்றுக் கூச வேண்டாமா?

2020 ஆடி மாதத்தில், கவரைப்பேட்டைக்கு அருகில் ஒரு சிற்றூரில், நமக்குத் தெரிந்தவர் வீட்டு வேப்பமரம் ஓட்டுக் கூரையின்மேல் சாய்ந்துவிட்டது. காவலர் கண்ணில் படாமல் உட்சாலை வழியே விடியற்காலையில் இருவர் வந்தனர். மேலே ஏறியவர் நடுவயதினர்; கயிறு பிடித்தவர் அவருடைய மைத்துனர். வீட்டார் சன்னல்களைச் சாத்திக்கொண்டனர். கூலி ஒரு பையில் வைத்து வாசற்கதவில் தொங்கவிடப்பட்டிருந்தது. வேலை முடிந்து அவர் வியர்வை துடைத்து நின்றபோது, நோய்க்கு அஞ்சவில்லையா என்று சாலையில் நின்றபடி கேட்டோம். "மேல ஏறிட்டா பயமில்ல பாய். அங்க யாரு இருக்கா? எறங்குனாதான் பயம்" என்றார். முகக்கவசம் அணிந்து ஏறினாலென்ன என்றதற்கு, "மூச்சு வாங்குது பாய். மரத்தூளும் சேந்து அடைச்சிக்கும்" என்று சொல்லிவிட்டு, மைத்துனரைக் காட்டி, "இவனும் நானும் ஒரே வீட்டுல இருக்கோம். ஒருத்தனுக்கு வந்தா ரெண்டு பேருக்கும் வரும். அப்புறம் கயிறு யார் புடிப்பா, அதான் யோசன" என்றார்.

அவர் முறையிடவில்லை, இரக்கமும் வேண்டவில்லை. தம் தொழிலின் கணக்கைச் சொன்னார். கயிறு யார் பிடிப்பது என்ற அவருடைய கவலைதான் நம் கேள்வியின் உயிர்நாடி என்று நமக்குத் தோன்றுகிறது. அவருக்குக் கீழே மைத்துனர் கயிறு பிடித்தார். அவ்விருவரும் விழுந்தால் தாங்குவதற்கு யார் கயிறு பிடித்தார்? பதிவில்லை, காப்பீடு இல்லை, தொற்று வந்தால் பதினான்கு நாள் கூலி கொடுப்பார் இல்லை, கேட்டால் அவர் வெளியே வந்ததே குற்றம்.

கொள்ளைநோயின்போது யார் விலகலாம், யார் நிற்கவேண்டும் என்ற கேள்வி புதிதன்று. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டையொட்டிச் சிரியாவில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது, அங்கே சென்றுகொண்டிருந்த கலீபா உமர் (ரலி) அவர்கள், ஸர்க் என்ற இடத்தில் செய்தியறிந்து, தோழர்களைக் கலந்து ஆலோசித்துத் திரும்பிவிட்டார்கள். இறைவிதியினின்று தப்பி ஓடுவதா என்று படைத்தலைவர் அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டதற்கு, ஒரு விதியிலிருந்து இறைவனின் மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் கலீபா விடையளித்ததாக வரலாறு கூறுகிறது. நோயுள்ள ஊருக்குள் போவதையும், அங்கிருந்து வெளியேறுவதையும் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்திருந்தது அப்போது நினைவூட்டப்பட்டது. பின்னர் மதீனாவுக்கு வருமாறு கலீபா அழைத்தபோதும், தம் படையினரை விட்டு வர விரும்பாமல் அபூ உபைதா (ரலி) அங்கேயே இருந்து அந்நோயிலேயே உயிர் நீத்தார்கள்.

இவ்விருவர் செயலையும் அறிஞர்கள் குறை கூறியதில்லை. விலகியவரும் கடமையைச் செய்தார். நின்றவரும் கடமையைச் செய்தார். ஆனால் ஒன்றை நாம் உற்று நோக்க வேண்டும். அன்று ஆபத்தில் நின்றவர் படைத்தலைவர். விலகிச் செல்ல அழைப்பும் வழியும் இருந்தும் நின்றவர். நம் காலத்தில் ஆபத்தில் நின்றவர்களில் பெரும்பாலோர் கீழ்நிலைக் கூலியாளர். அழைப்பும் இல்லை, வழியும் இல்லை. தியாகம் என்ற உயர்ந்த சொல்லை, தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாதவர் மீது நாம் போர்த்தும்போது, அச்சொல் அவரைப் பெருமைப்படுத்துகிறதா, நம் பொறுப்பை மறைக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

பாராட்டைப் பற்றி இங்கே ஒரு சொல். 2020 மார்ச் 22ஆம் நாள் மாலை ஐந்து மணிக்கு நாடு முழுவதும் கை தட்டினோம், தட்டுகளை ஒலித்தோம். மே 3ஆம் நாள் மருத்துவமனைகளின்மேல் வானூர்திகள் பூத்தூவின. நன்றி கூறுவது நற்பண்பு. அதைப் பழிக்க மாட்டோம். ஆயினும் மர மருத்துவத்தின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. கிளை வெட்டிய இடத்தில் தாரோ வண்ணமோ பூசும் வழக்கம் நெடுங்காலம் உலகெங்கும் இருந்தது. பூசிவிட்டால் காயம் ஆறிவிடும் என்று நம்பினர். அமெரிக்க வனத்துறையின் ஆய்வாளர் அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து, 1970களில் வேறோர் உண்மையை வெளியிட்டார். மனிதத் தோலைப் போல மரத்தின் காயம் ஆறுவதில்லை. பழைய திசு திரும்ப வருவதில்லை. மரம் காயத்தைச் சுற்றி உள்ளே ஒரு தடுப்பை எழுப்பி, அழுகல் பரவாமல் அடைத்துவிட்டு, வெளியே புதிதாக வளர்கிறது. மேலே பூசிய வண்ணம் அழுகலைத் தடுப்பதில்லை. பார்ப்பவருக்கு மனநிறைவைத் தருவதோடு சரி. மரத்துக்கு உதவுவது சரியான இடத்தில் செய்த சரியான வெட்டே.

கைதட்டல் அத்தகைய பூச்சாகப் போய்விட்டதோ என்று நாம் அஞ்சுகிறோம். நோய் ஓய்ந்தது. 2023 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் நெருக்கடி நிலை முடிந்ததாக அறிவித்தது. புதிய வளர்ச்சி பழைய காயத்தை மூடிவிட்டது. உள்ளே காயம் அப்படியே இருக்கிறது. அடுத்த கொள்ளைநோய்க்கான பட்டியலை இன்று எழுதினாலும், மரம் வெட்டுபவர் நினைவில் வருவார் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை.

அப்படியானால் எல்லாத் தொழிலையும் இன்றியமையாதது என்று எழுதிவிடலாமா என்று கேட்கலாம். எழுதினால் ஊரடங்கே பொருளற்றதாகிவிடும் என்பது சரியான தடை. நாம் கூறுவது வேறு. கோடு கிழிக்கும் உரிமை அரசுக்கு உண்டு. அக்கோட்டினால் நலம் பெறும் நமக்கு இரண்டு கடன்கள் உண்டு. வேலை செய்யாதே என்று தடுக்கப்பட்டவருக்கு உணவு தரவேண்டும். வேலை செய் என்று அனுப்பப்பட்டவருக்குப் பாதுகாப்புத் தரவேண்டும். இவ்விரண்டில் ஒன்றேனும் ஒவ்வோர் உழைப்பாளிக்கும் சேர்ந்தாக வேண்டும். மரம் வெட்டுபவரின் நிலையில் உள்ள அநீதி, இரண்டும் அவருக்குச் சேரவில்லை என்பதே. சட்டத்தின் கண்ணுக்கு அவர் தேவையற்றவர், ஆகவே அனுமதி இல்லை. கூரை சாய்ந்த வீட்டுக்கு அவர் தேவையானவர், ஆகவே ஒளிந்து வரவேண்டும். தேவையற்றவருக்குரிய உதவியும் கிட்டவில்லை. தேவையானவருக்குரிய காப்பும் கிட்டவில்லை.

இக்கடனைத் தீர்க்கப் புதிய தத்துவம் வேண்டியதில்லை. வழிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டிலேயே உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டு, அதன்கீழ் நல வாரியங்கள் இயங்குகின்றன. படிவமும் அலுவலகமும் தூரமாயிருப்பவரை அங்கே அழைத்துச் சென்று பதிவு செய்விப்பது, படித்தவர் எவரும் ஒரு முற்பகலில் செய்யக்கூடிய உதவி. ஊராட்சியும் பேரூராட்சியும் தம் எல்லையில் மரம் வெட்டத் தெரிந்தவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தால், புயலிலும் நோயிலும் அனுமதிச் சீட்டு, இடுப்பு வார், தலைக்கவசம், தடுப்பூசி ஆகியவற்றை அவர்களுக்கு முதலில் தரலாம். கிளைகளை வெயில் காலத்திலேயே கழித்து வைத்தால், ஆடிக்காற்றிலும் கார்த்திகை மழையிலும் அவசரமாக ஒருவரை ஈர மரத்தில் ஏற்றும் தேவையே குறையும்.

வீட்டுக்காரருக்கும் சில கடமைகள் உண்டு. கம்பிக்கு அருகே வேலையென்றால், மின்வாரியத்தார் எல்.சி. என்று சொல்கிற அனுமதி முறைப்படி மின்சாரம் நிறுத்தப்பட்டதா என்று உறுதி செய்த பிறகே ஆளை ஏற்றவேண்டும். அந்நேரத்தில் தம் வீட்டு ஜெனரேட்டரின் மின்சாரம் கம்பியில் திரும்ப ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கூலியில் பேரம் பேசுமுன், அந்தக் கூலியில் அவருடைய அச்சத்தின் விலையும் அடங்கியிருக்கிறதா என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். நோய்க்காலமானால், வேலை முடித்துப் போனவருக்கு இரு வாரம் கழித்து நலம் விசாரித்து ஒரு சொல் அனுப்புவதில் பெரிய செலவு எதுவும் இல்லை.

வழிப்போக்கர்க்குத் தொல்லையாக இருந்த மரக்கிளையொன்றை அகற்றிய மனிதர் அச்செயலுக்காகவே சுவனம் பெற்றார் என்ற கருத்தில் நபிமொழி ஒன்று இருப்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். பாதையைச் சீராக்கும் எளிய செயலுக்கு இறைவனிடத்தில் அவ்வளவு மதிப்பு. அச்செயலையே நாள்தோறும் தொழிலாகச் செய்து பிழைக்கின்ற மனிதருக்கு நம்மிடத்தில் எவ்வளவு மதிப்பு என்பதை, அடுத்த கொள்ளைநோய் வந்து கேட்கும்வரை காத்திராமல் இப்போதே முடிவு செய்வது நம் பொறுப்பு. இந்த ஆண்டும் மழைக்காலம் வரும். கும்மிடிப்பூண்டியின் கம்பிகளை நோக்கிக் கிளைகள் நீளும். அவற்றில் யாரோ ஒருவர் ஏறத்தான் போகிறார். அவர் விழுந்தால் தாங்கும் கயிற்றின் மறுநுனி நம் கையில் இருக்கவேண்டும்.